கரையான் அரிக்காது, சரி… கத்திரி வெயிலைத் தாங்குமா? டபிள்யூபிசி பலகை வாங்கும் முன் இதைப் படிங்க!

மொட்டை மாடியில் மரத்தளம் போடணும், ஆனா கரையான் வந்துடும், மழையில் ஊறிடும் என்று தயங்குபவர்களுக்குக் கடைகளில் காட்டப்படுவது டபிள்யூபிசி பலகை. கரையான் பயமும் ஈரத்தின் பயமும் இதில் வெகுவாகக் குறையும் என்பது உண்மைதான். ஆனால், சேலம், நாமக்கல் போல கோடையில் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் ஊர்களில் இந்தப் பலகைக்குப் பெரிய சோதனையே வெயில்தான். ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

டபிள்யூபிசி என்றால் என்ன?

மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் சூடாக்கிக் கலந்து, அச்சு வழியாகப் பலகையாகத் தள்ளி எடுப்பதுதான் டபிள்யூபிசி. வெளிப்புறத் தளப் பலகைகளில் பெரும்பாலும் பாதிக்குப் பாதி மரத்தூள் இருக்கும். சுமார் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் மரம் கருகத் தொடங்கும். அதனால் அதற்குக் குறைவான சூட்டில் உருகும் பாலிஎதிலீன், பாலிபுரொப்பிலீன், பிவிசி ஆகியவையே இதில் சேர்க்கப்படுகின்றன.

மரம் தண்ணீரை இழுக்கும். பிளாஸ்டிக் தண்ணீரைத் தள்ளும். இரண்டும் தானாக ஒட்டாது. எனவே மலெயிக் அன்ஹைட்ரைடு சேர்ந்த இணைப்புப் பொருள் சிறிதளவு கலக்கப்படுகிறது. இது சரியாக இல்லாவிட்டால் பலகைக்குள் ஈரம் இறங்கும், வலுவும் குறையும்.

எல்லா டபிள்யூபிசி பலகையையும் வெளியில் போடலாமா?

கூடாது. பலரும் ஏமாறுவது இங்கேதான். கிச்சன் கப்போர்டு, பாத்ரூம் கதவு ஆகியவற்றுக்காக விற்கப்படும், பிவிசி நுரை கலந்த எடை குறைந்த பலகையும் 'டபிள்யூபிசி' என்ற பெயரில்தான் கடையில் இருக்கும். அது வீட்டுக்குள் பயன்படுத்துவதற்கானது. வெயிலும் மழையும் படும் இடத்துக்கு, கனமான 'டெக்கிங்' வகைப் பலகைதான் பொருந்தும்.

வெயிலில் என்ன ஆகும்?

முதலாவது, நீளும். நேரடி வெயிலில் பலகையின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். மார்கழி விடியற்காலையில் 20 டிகிரியில் இருக்கும் அதே பலகை, சித்திரை மதியம் 40 டிகிரி கூடுதல் சூட்டைச் சந்திக்கிறது. 10 அடி பலகை இதில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளும். நீள இடம் விடாமல் இறுக்கி ஸ்க்ரூ அடித்தால், பலகை மேலே வளைந்து எழும்பும்.

இரண்டாவது, தொய்யும். தேக்கோடு ஒப்பிட்டால் சாதாரண டபிள்யூபிசியின் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு அளவே. அதன் மேல் பூந்தொட்டி, தண்ணீர் டிரம் போன்ற கனம் மாதக்கணக்கில் இருந்தால், பிளாஸ்டிக் மெல்ல மெல்ல இறங்கும். சூடு கூடக் கூட இந்த இறக்கமும் வேகமாகும். கனத்தை எடுத்த பிறகும் பலகை முழுசாகப் பழைய நிலைக்கு வராது.

வலுவூட்டுவது எப்படி?

கண்ணாடி இழை கலந்தால் விறைப்பு கூடும், நீளுவது குறையும். உள்ளே குழல் விட்ட பலகைகளில் அலுமினியம் அல்லது இரும்புக் குழாயைச் செருகி வலுவூட்டும் முறையும் உண்டு. வெயிலில் நிறம் வெளுக்காமல் இருக்க, மேலே தனி பிளாஸ்டிக் உறை போர்த்திய பலகைகளும் வருகின்றன.

பலகையின் தடிமனும் முக்கியம். ஒரே பொருளில் செய்த கெட்டிப் பலகையின் தடிமனை இரண்டு மடங்காக்கினால், வளையாமல் நிற்கும் திறன் எட்டு மடங்காகும்.

பாதி பலம் அடியில்தான்!

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் கவனித்தால் இது புரியும். தளப் பலகைக்கு அடியில் வரிசையாகக் குறுக்குச் சட்டங்கள் இருக்கும். பாரத்தைத் தாங்குவது அந்தச் சட்டங்கள்தான். டபிள்யூபிசி தளத்துக்கும் இதே கணக்குதான். சட்டங்களுக்கு இடையிலான தூரத்தை 24 அங்குலத்திலிருந்து 12 அங்குலமாகக் குறைத்தால், பரவலாக விழும் அதே பாரத்துக்குத் தொய்வு 16-ல் ஒரு பங்காகிவிடும்.

பொதுவாக 16 அங்குலத்துக்கு மேல் இடைவெளி போகாமல் இருப்பது நல்லது. நம்ம ஊர் வெயிலுக்கு 12 அங்குலம் இன்னும் பாதுகாப்பு. அதேபோல, டெக்கிங் பலகையைத் தூணாகவோ உத்தரமாகவோ பயன்படுத்தவே கூடாது.

வாங்கும் முன் என்ன கேட்கணும்?

* இது வெளிப்புறத்துக்கான பலகையா? எந்த பிளாஸ்டிக் கலந்தது?
* அடிச்சட்டத்துக்கு எத்தனை அங்குல இடைவெளி? பலகை முனையில் எவ்வளவு கேப் விடணும்? இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.
* பரிசோதனை அறிக்கை இருக்கிறதா? அமெரிக்காவின் 'ஏஎஸ்டிஎம் டி7032', ஐரோப்பாவின் 'இஎன் 15534' ஆகியவை இந்தப் பலகைகளுக்கான தரநிலைகள். பாரம், வெயில், ஈரம் ஆகியவற்றை எப்படித் தாங்குகிறது என்று இவற்றில் சோதிக்கப்படும். தமிழ்நாட்டில், 1968-ல் சென்னையில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் சிப்பெட் நிறுவனத்தில் பிளாஸ்டிக் பொருட்களுக்கான பரிசோதனை வசதி உண்டு.
* வாரண்டியில் வளைவதும் தொய்வதும் சேருமா, இல்லை கரையானுக்கு மட்டும்தானா?

கருப்பு, அடர் பிரவுன் நிறங்கள் அதிகம் சூடாகும். குழந்தைகள் வெறுங்காலில் நடக்கும் மாடி என்றால் வெளிர் நிறமே நல்லது. பலகையை அறுத்த முனைகளில் மரத்தூள் வெளியே தெரியும். ஈரம் அந்த வழியாகத்தான் எளிதில் இறங்கும். எனவே முனைகளை மூடச் சொல்லுங்கள், தளத்துக்கு அடியில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலை குறைந்த பலகை வாங்கி, அடிச்சட்டத்திலும் மிச்சம் பிடித்தால், முதல் கோடையிலேயே தளம் வளைந்து காட்டிக்கொடுத்துவிடும்.