அக்டோபர் இரவுகளின் பேய்ப்படங்கள்: அமெரிக்க வீடுகளில் ஒரு பருவ வழக்கம் உருவான வரலாறு

பெலா லுகோசி நடித்த ‘டிராகுலா’ 1931 பிப்ரவரியில் வெளியானது. ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’, ‘கிரெம்லின்ஸ்’ இரண்டும் 1984 ஜூனில் வந்த கோடைப் படங்கள். ‘பீட்டில்ஜூஸ்’ 1988 மார்ச்சிலும் ‘ஹோகஸ் போகஸ்’ 1993 ஜூலையிலும் திரைக்கு வந்தன. இலையுதிர் காலத்தில் வீட்டில் உட்கார்ந்து பார்க்கத் தகுந்த பழைய பேய்ப்படங்கள் எவை என்று இன்றைய அமெரிக்கர்களைக் கேட்டால் இவற்றில் சிலவற்றையாவது சொல்வார்கள். ஆனால் இவற்றில் ஒன்றுகூட அந்தப் பருவத்தில் வெளியானதில்லை. இவற்றை அக்டோபரோடு பிணைத்தது வீட்டுக் கூடத்தில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டி என்பதே இக்கட்டுரையின் வாதம். படம் எடுத்தவர்களைவிட, பழைய படங்களை மொத்தமாக வாங்கி நேரம் பார்த்து ஒளிபரப்பியவர்களுக்கே இதில் பங்கு அதிகம்.

தொடக்கம் லாஸ் ஏஞ்சலஸில். 1954இல் அங்குள்ள கேஏபிசி நிலையம், கறுப்பு உடையும் வெளிறிய முகமுமாக வந்த மைலா நுர்மியை ‘வாம்பைரா’ என்ற பெயரில் நள்ளிரவுப் படங்களுக்கு முன்னே நிறுத்தியது. அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் மலிவான சிறு நிறுவனப் படங்களே. பெரிய ஸ்டுடியோக்களின் பேய்ப்படங்கள் அப்போது தொலைக்காட்சிக்கு வந்திருக்கவில்லை. நிகழ்ச்சி அடுத்த ஆண்டே நின்றுபோனது. ஆனாலும் படத்தை ஒருவர் முன்னின்று வழங்கும் முறை அங்கேதான் வடிவம் பெற்றது.

உண்மையான திருப்பம் 1957 அக்டோபரில் நேர்ந்தது. கொலம்பியா நிறுவனத்தின் தொலைக்காட்சிக் கிளையான ஸ்கிரீன் ஜெம்ஸ், யூனிவர்சல் ஸ்டுடியோவின் பழைய படங்களை ஒளிபரப்பும் உரிமையைப் பெற்று, அவற்றிலிருந்து 52 படங்களை ‘ஷாக்!’ என்ற பெயரில் ஒரே தொகுப்பாக உள்ளூர் நிலையங்களுக்கு விற்றது. ‘டிராகுலா’, ‘ஃபிராங்கன்ஸ்டைன்’, ‘தி மம்மி’, ‘தி இன்விசிபிள் மேன்’, ‘தி உல்ஃப் மேன்’ எல்லாம் அதில் இருந்தன. பேயே வராத துப்பறியும் படங்கள் பலவும் இடம் நிரப்பின. தொகுப்பு முழுவதும் 1948க்கு முற்பட்ட படங்களாக இருந்ததற்குக் கலை ரசனை காரணமல்ல. அதற்குப் பிந்திய படங்களைத் தொலைக்காட்சிக்கு விற்றால் நடிகர், எழுத்தாளர் சங்கங்களோடு மறுபயன்பாட்டு ஊதியம் குறித்த சிக்கல் எழும். பழைய படங்களில் அந்தத் தொல்லை இல்லை. கணக்கு வழக்கு சார்ந்த இந்த முடிவுதான், போருக்குப் பின் பிறந்த ஒரு முழுத் தலைமுறைக்குக் கறுப்பு வெள்ளைப் பயத்தை அறிமுகம் செய்தது. அடுத்த ஆண்டு ‘சன் ஆஃப் ஷாக்’ என்று மேலும் 20 படங்கள் வந்தன.

தொகுப்பை வாங்கிய நிலையங்கள் ஆளுக்கொரு தொகுப்பாளரைத் தேடின. ஃபிலடெல்ஃபியாவின் டபிள்யூசிஏயூ நிலையத்தில் ஜான் ஜாக்கர்லி ‘ரோலண்ட்’ ஆனார். 1958இல் நியூயார்க்குக்குப் போய் ‘ஜாக்கர்லி’ என்ற பெயரிலேயே புகழ் பெற்றார். நம் தெருக்கூத்தின் கட்டியங்காரன் செய்யும் வேலையை இவர் செய்தார். கதையை அறிமுகப்படுத்துவார், கிண்டல் செய்வார், ஓடிக்கொண்டிருக்கும் படத்துக்கு நடுவே தன் முகத்தை ஒட்டி நுழைத்துவிடுவார். இவரைப் போன்றவர்களுக்கு ஆய்வாளர்கள் தரும் இடம் போதாது என்றே நான் நினைக்கிறேன். அறையில் தனியாக உட்கார்ந்து பயந்த குழந்தைக்கு, உடன் இருந்து சிரிக்க ஒரு பெரியவர் கிடைத்தார். இப்படிப் பயத்தோடு பாசமும் கலந்துவிட்டதால்தான் அந்தப் படங்கள் பின்னாளில் ஏக்கத்துக்குரியவை ஆயின. 1958இல் ‘ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்’ என்ற இதழும் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் அரோரா நிறுவனத்தின் பிளாஸ்டிக் ஃபிராங்கன்ஸ்டைன் பொம்மைகளைச் சிறுவர்கள் ஒட்டிச் சேர்த்தார்கள்.

இவையெல்லாம் பெரும்பாலும் ஆண்டு முழுவதும் நடந்த வார இறுதி இரவு நிகழ்ச்சிகள். ஒரு படைப்பை ஆண்டுக்கொரு முறை, அக்டோபர் 31இல் பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீனை ஒட்டி மட்டும் பார்க்கும் பழக்கத்தை வேரூன்றச் செய்ததில் 1966 அக்டோபர் 27 அன்று சிபிஎஸ் ஒளிபரப்பிய ‘இட்ஸ் தி கிரேட் பம்ப்கின், சார்லி பிரவுன்’ என்ற அரைமணிநேரக் கார்ட்டூனுக்குப் பெரும் பங்குண்டு. தவறவிட்டால் அடுத்த அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பே அதைச் சடங்காக்கியது.

ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978) இந்த வரலாற்றின் சாட்சியாகவே எனக்குப் படுகிறது. 3 லட்சம் டாலருக்குச் சற்றே மேற்பட்ட செலவில், கலிஃபோர்னியாவின் வசந்த காலத்தில் எடுக்கப்பட்ட படம் அது. உதிர்ந்த இலைகள் கிடைக்காததால் காகித இலைகளுக்கு வண்ணம் பூசித் தெருவில் இறைத்து, காட்சி முடிந்ததும் பொறுக்கி மறுபடி பயன்படுத்தினார்கள். கதைக்குள் குழந்தைகள் ஹாலோவீன் இரவில் தொலைக்காட்சியில் ‘தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்’ (1951), ‘ஃபர்பிடன் பிளானட்’ (1956) ஆகிய பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் பேய்ப்படம் பார்ப்பது அதற்குள் விளக்கம் தேவையில்லாத வழக்கமாகிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை. 1981 அக்டோபரில் இதே படத்தை என்பிசி ஒளிபரப்பியது. வன்முறையை வெட்டியதால் குறைந்த நேரத்தை நிரப்பப் புதிய காட்சிகள் எடுத்துச் சேர்க்கப்பட்டன.

ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) வீடுகளுக்குள் வந்த கதை வேறு. வெளியீட்டுக்கு முன் தலைப்பை மாற்றியபோது விநியோகஸ்தர்கள் பதிப்புரிமைக் குறிப்பைச் சேர்க்க விட்டுவிட்டார்கள். அன்றைய சட்டப்படி படம் பொதுவுடைமையானது. எடுத்தவர்களுக்கு அது பெரும் அநியாயம்தான். ஆனால் யார் வேண்டுமானாலும் ஒளிபரப்பலாம், கேசட் போட்டு விற்கலாம் என்றானதால் படம் எங்கும் பரவியது.

கேசட் காலம் வந்தபோது யூனிவர்சல் நிறுவனமே அதை எதிர்த்தது. வீட்டில் பதிவு செய்வது உரிமை மீறல் என்று 1976இல், வீடியோ பதிவுக் கருவி தயாரித்த சோனி மீது வழக்குத் தொடுத்தது. 1984 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் சோனியின் பக்கம் தீர்ப்பளித்தது. தொலைக்காட்சியில் மறுவாழ்வு பெற்ற டிராகுலாவின் உரிமையாளர்தான், அவரை வீட்டில் பதிந்துவைப்பதைத் தடுக்க முயன்றார்!

என் வாதத்துக்கு வலுவான சான்று ‘ஹோகஸ் போகஸ்’. அமெரிக்காவின் சேலம் நகரத்தின் மூன்று சூனியக்காரிகளைப் பற்றிய ஹாலோவீன் கதையை டிஸ்னி நடுக்கோடையில், ‘ஃப்ரீ வில்லி’ வெளியான அதே நாளில் வெளியிட்டது. சுமார் 2.8 கோடி டாலர் செலவான படம் அமெரிக்கத் திரையரங்குகளில் 4 கோடியைக்கூட எட்டவில்லை. அரங்கின் பங்கைக் கழித்தால் அது நஷ்டம். பின்னர் ஒவ்வோர் அக்டோபரிலும் கேபிள் சானல்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டன. ஃபாக்ஸ் ஃபேமிலி 1998இல் தொடங்கிய ‘13 நைட்ஸ் ஆஃப் ஹாலோவீன்’, அச்சானல் பிற்காலத்தில் ஃப்ரீஃபார்ம் ஆன பிறகு 2018இல் 31 இரவுகளாக நீண்டது. பத்து வயதில் இப்படிப் பார்த்தவர்கள் பெற்றோர் ஆனபோது பிள்ளைகளோடு பார்த்தார்கள். இரண்டாம் பாகம் 2022இல் நேராக டிஸ்னி பிளஸ்ஸுக்கு, அதாவது வீட்டுக்கே வந்தது.

2020இல் சார்லி பிரவுன் கார்ட்டூனின் உரிமை தொலைக்காட்சியிடமிருந்து ஆப்பிள் டிவி பிளஸ் என்ற இணையச் சேவைக்குப் போனது. அக்டோபர் இறுதியில் சில நாள்கள் அதை இலவசமாகப் பார்க்க அந்நிறுவனம் வழி செய்தது. எனவே படம் யாருக்கும் எட்டாமல் போகவில்லை. இருந்தும் பார்வையாளர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. ஊரே ஒரே நேரத்தில் பார்க்கும் அந்த ஒரு மாலை போய்விட்டது என்பதே அவர்களின் வருத்தம். அடுத்த ஆண்டு, 2021 அக்டோபர் 24 அன்று, பிபிஎஸ் பொதுத் தொலைக்காட்சி விளம்பரமின்றி அதை ஒளிபரப்பியது.