தாமரை விளக்கின் கீழே

வீட்டில் இசைக்கென ஓர் அறையை ஒதுக்கி அதனை அழகு செய்யும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர்களிடையே ஓங்கியிருந்தது. அவ்வழக்கம் எல்லை கடந்து போன இடம் ஒன்று உண்டு. அது இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டன் நகரின் அரச மாளிகை. நான்காம் ஜார்ஜ் இளவரசராக இருந்த காலத்திலேயே அமைத்துக்கொண்ட கடற்கரை இல்லம் அது. 1815 முதல் 1822 வரை அதனை மாற்றிக் கட்டியவர் ஜான் நாஷ். வெளியே முகலாயக் குவிமாடங்கள். உள்ளே சீனச் சித்திரங்கள்! நாஷ் இந்தியாவைக் கண்டவர் அல்லர். டேனியல் குடும்பத்து ஓவியர்கள் வரைந்த படங்களே அவருக்குத் துணையாயின.

இசை அறையை ஒப்பனை செய்தவர் பிரடெரிக் கிரேஸ். சிவப்பும் பொன்னுமாகச் சீன நாட்டுக் காட்சிகள் சுவரெங்கும் தீட்டப்பெற்றன. நீலப் பட்டுத் திரைகளைப் பறக்கும் நாகங்கள் தாங்கி நின்றன. விதானத்திலிருந்து தாமரை வடிவ விளக்குகள் ஒன்பது தொங்கின. குவிமாடத்தின் உட்புறத்தில் பொன்முலாம் பூசிய சிப்பி வடிவங்கள் ஆயிரக்கணக்கில் பதிக்கப்பட்டிருந்தன. மேலே செல்லச் செல்ல அவை சிறுத்துக்கொண்டே போகும். அதனால் குவிமாடம் உள்ளதைவிட உயர்ந்து தோன்றும். கண்ணை ஏய்க்கும் இந்த உத்தி மெச்சத்தக்கதே. எனினும் இவ்வளவு மினுக்கின் நடுவே காதுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் மன்னர் வெறும் ஆடம்பரப் பிரியர் அல்லர். செல்லோ வாசிக்கவும் பாடவும் வல்லவர். 1823 டிசம்பரில் இத்தாலிய இசைப் புலவர் ரொசினி இவ்வறையில் மன்னர் முன் பாடினார்.

விக்டோரியா அரசியாருக்கு இம்மாளிகை உவக்கவில்லை. அறைப் பொருள்கள் பல லண்டன் அரண்மனைக்குச் சென்றன. பெரிய ஆர்கனும் அவற்றுள் ஒன்று. வெற்று மாளிகையை 1850இல் நகர மக்கள் விலைக்கு வாங்கினர். 1975இல் ஒருவன் இவ்வறைக்குத் தீ வைத்தான். பல ஆண்டு உழைப்பில் அறை புத்துயிர் பெற்றதும், 1987 புயலில் கூரைக் கல் உருண்டை ஒன்று விதானத்தைப் பிளந்துகொண்டு புதிய கம்பளத்தின்மீது விழுந்தது!

ஆயினும் இவ்வறையின் வரலாற்றில் நம் உள்ளத்தைத் தொடும் பகுதி வேறு. முதல் உலகப் போரில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் காயமுற்ற இந்தியப் படைவீரர்களுக்கு, 1914 டிசம்பர் முதல் 1916 ஜனவரி வரை இம்மாளிகை மருத்துவமனையாயிற்று. இசை அறையும் நோயாளர் கூடமாக மாறியது. சமய ஒழுக்கத்திற்கேற்ப ஒன்பது சமையற்கூடங்கள் அமைந்தன. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குடிநீர்க் குழாய்கள் வைக்கப்பட்டன.

மன்னரே தம் அரண்மனையை வீரர்களுக்கு விட்டுக்கொடுத்தார் என்ற பேச்சு இந்தியா வரை பரவியது. மாளிகை நகர மக்களின் சொத்தாகி அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்ததை அப்பேச்சு மறைத்துவிட்டது. குடியேற்ற ஆட்சிக்கு அது வசதியாகவே இருந்தது. இந்தியாவில் விசுவாசம் குன்றாதிருக்க வேண்டுமல்லவா? மருத்துவமனையின் படங்கள் அஞ்சலட்டைகளாக விற்கப்பட்டன. சிறு நூலொன்றும் உருது, குர்முகி எழுத்துகளில் அச்சாயிற்று.

உயிர் நீத்த இந்துக்களையும் சீக்கியர்களையும் நகருக்கு வெளியே பட்சம் என்னும் ஊரின் குன்றில் தகனம் செய்தனர். அவ்விடத்தில் சத்ரி என்னும் வெண்பளிங்கு மண்டபம் 1921இல் திறக்கப்பட்டது. முஸ்லிம்கள் வோக்கிங் பள்ளிவாசலுக்கு அண்மையில் அடக்கம் செய்யப்பட்டனர்.

அக்காலத்து இசை அறையை ஓவியர் பர்லி படமாக வரைந்திருக்கிறார். ரொசினி பாடிய அதே கூடத்தில், தாமரை விளக்குகளின் கீழே, படுக்கைகள் வரிசையாகக் கிடக்கின்றன.