செலரான் 300ஏ செயலியின் மிகைவேக இயக்கம்

செலரான் 300ஏ என்பது இன்டெல் நிறுவனம் 1998 ஆகஸ்ட் 24 அன்று வெளியிட்ட மலிவு விலைக் கணினிச் செயலி ஆகும். 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்திற்கென விற்கப்பட்ட இச்செயலியைப் பயனர்கள் பலர் 450 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் நிலையாக இயக்கினர். உற்பத்தியாளர் குறித்த வேகத்திற்கு மேல் ஒரு செயலியை இயக்குவது மிகைவேக இயக்கம் அல்லது ஓவர்கிளாக்கிங் எனப்படுகிறது. அதற்கு இன்றளவும் அடிக்கடி காட்டப்படும் எடுத்துக்காட்டு இச்செயலியே.

பின்னணி

1998 ஏப்ரலில் வெளிவந்த முதல் செலரான் செயலியில் இரண்டாம் நிலைப் பதுக்கு நினைவகம் அறவே இல்லை. அடிக்கடி தேவைப்படும் தரவுகளைச் செயலியின் அருகிலேயே வைத்திருக்கும் சிறிய, விரைவான நினைவகமே பதுக்கு நினைவகம் ஆகும். அது இல்லாமையால் அச்செயலி அலுவலக மென்பொருள்களில் மந்தமாக இயங்கியது. இக்குறையைப் போக்க, மென்டோசினோ என்னும் குறிப்பெயர் கொண்ட புதிய வடிவமைப்பில் 128 கிலோபைட் பதுக்கு நினைவகம் செயலிச் சில்லின் உள்ளேயே அமைக்கப்பட்டது. 300ஏ என்னும் பெயரில் உள்ள 'ஏ', பதுக்கு நினைவகம் இல்லாத பழைய 300 மெகாஹெர்ட்ஸ் செலரானிலிருந்து இதனை வேறுபடுத்துகிறது.

அதே நாளில் வெளியான பென்டியம் II 450 செயலியின் பதுக்கு நினைவகம் 512 கிலோபைட் அளவினது. ஆனால் அது தனிச் சில்லுகளில் அமைந்து, செயலியின் பாதி வேகத்தில், அதாவது 225 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. செலரானின் பதுக்கு நினைவகம் அளவில் சிறிதெனினும் செயலியின் முழு வேகத்தில் இயங்கியது. எனவே 450 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தப்பட்ட செலரான் பல பயன்பாடுகளில் பென்டியம் II 450-ஐ நெருங்கியது. மொத்த விற்பனையில் முன்னதன் அறிமுக விலை 149 டாலர். பின்னதன் விலை 669 டாலர்.

இரண்டு செயலிகளும் 0.25 மைக்ரான் தொழினுட்பத்தில், 2.0 வோல்ட் மின்னழுத்தத்திற்கென உருவானவை. அத்தொழினுட்பம் 450 மெகாஹெர்ட்ஸ் சில்லுகளை ஏற்கனவே விளைவித்துக்கொண்டிருந்தது. ஆகவே 300 என்ற எண், சில்லின் எல்லையைக் காட்டிலும் சந்தையின் தேவையையே காட்டியது எனலாம்.

செயற்படும் முறை

செயலியின் வேகம் என்பது பாட்டையின் அதிர்வெண்ணைப் பெருக்கெண்ணால் பெருக்கக் கிடைப்பதாகும். பாட்டை என்பது செயலியை நினைவகத்துடனும் பிற பகுதிகளுடனும் இணைக்கும் தடம். 300ஏ செயலியில் பாட்டை 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கெண் 4.5. மெதுவான சில்லுகளை வேகமானவை என முத்திரை மாற்றி விற்போரைத் தடுக்க இன்டெல் பெருக்கெண்ணைப் பூட்டியிருந்தது. எஞ்சிய வழி பாட்டையை உயர்த்துவது ஒன்றே. பாட்டை 100 மெகாஹெர்ட்ஸ் ஆனால் செயலி 450 மெகாஹெர்ட்ஸை எட்டும்.

சில தாய்ப்பலகைகளில், குறிப்பாக அபிட் பிஎச்6 பலகையில், பயாஸ் பட்டியலிலேயே இதனை மாற்ற முடிந்தது. அவ்வசதி இல்லாத பலகைகளில் செயலி அட்டையின் பி21 என்னும் தொடுமுனையை ஒட்டுநாடாவால் மறைத்தனர். பாட்டை வேகத்தைத் தாய்ப்பலகைக்கு அறிவிக்கும் முனை அது; மறைத்ததும் பலகை 100 மெகாஹெர்ட்ஸைத் தேர்ந்துகொள்ளும். நகப்பூச்சைத் தடவியோரும் உண்டு.

இடைப்பட்ட வேகங்களின் இடர்

படிப்படியாக உயர்த்துவதே பாதுகாப்பு என்று தோன்றும். இச்செயலியைப் பொறுத்தவரை அது முழுவதும் சரியன்று. வன்தட்டுக் கட்டுப்படுத்தியும் விரிவாக்க அட்டைகளும் பயன்படுத்தும் பிசிஐ தடம் 33 மெகாஹெர்ட்ஸில் இயங்க வேண்டும். 440பிஎக்ஸ் சில்லுத்தொகுதி கொண்ட பலகைகளில் பாட்டை 66 எனில் அதன் இரண்டில் ஒரு பங்கும், 100 எனில் மூன்றில் ஒரு பங்கும் பிசிஐ தடத்திற்குச் செல்லும். இரண்டிலும் விடை 33 தான். பாட்டையை 83 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் பொதுவாகப் பாதியே செல்லும். பிசிஐ தடம் 41.5 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்ந்துவிடும். அப்போது செயலி வெறும் 375 மெகாஹெர்ட்ஸில் நலமாக ஓடிக்கொண்டிருக்க, வன்தட்டில் எழுதப்படும் கோப்புகள் சிதையக்கூடும். 450 மெகாஹெர்ட்ஸில் செயலிக்குச் சுமை கூடினாலும் கணினியின் மற்ற உறுப்புகள் தத்தம் இயல்பான வேகத்திலேயே இருக்கும். நினைவகம் மட்டும் பிசி100 வகையாக இருத்தல் வேண்டும்.

வெப்பமும் மின்னழுத்தமும்

செயலி செலவிடும் திறன் அதன் அதிர்வெண்ணுக்கும், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் ஏறத்தாழ நேர்விகிதத்தில் அமையும். வேகத்தை மட்டும் 450 ஆக்கினால் வெப்பம் சுமார் 1.5 மடங்காகும். அத்துடன் மின்னழுத்தத்தை 2.0 வோல்ட்டிலிருந்து 2.2 ஆக்கினால் சுமார் 1.8 மடங்காகும். ஆகையால் முதலில் இயல்பான மின்னழுத்தத்திலேயே முயன்று, நிலைப்புத்தன்மை இல்லையெனில் மட்டும் சிறிதளவு கூட்டுவது முறை. மிகை மின்னழுத்தமும் வெப்பமும் சில்லின் உள்ளிருக்கும் உலோக இணைப்புகளை மெல்ல அரிக்கும்; இன்று ஓடும் செயலி சில ஆண்டுகளில் தடுமாறலாம். பென்டியம் II போல் நெகிழிக் கூட்டுக்குள் அடைபடாமல் செலரான் திறந்த அட்டையாக வந்தமையால் பெரிய வெப்பத் தணிப்பானைப் பொருத்துவது எளிதாயிற்று.

நிலைப்புத்தன்மையைச் சோதித்தல்

இயங்குதளம் திறந்துவிட்டது என்பதால் கணினி நிலையாக உள்ளது என்று கொள்ளலாகாது. கணினி உறைந்து நின்றால் பயனர் அறிவார். கணக்கில் ஒரு பிட் மாறினால் அறியமாட்டார். பிரைம்95 மென்பொருளின் சோதனை, விடை முன்பே தெரிந்த பெருங்கணக்குகளை மணிக்கணக்கில் செய்வித்து, கிடைக்கும் விடைகளை ஒப்பிடுகிறது. ஒரு பிழை தென்பட்டாலும் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். சோதனையைக் கோடை நண்பகலில் செய்வது நல்லது. குளிர்ந்த இரவில் தேறிய கணினி பகலில் தவறலாம். சோதனை முடியும் வரை இயங்குதளத்தை நிறுவுதல், முக்கியக் கோப்புகளை நகர்த்துதல் ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.

எல்லா 300ஏ செயலிகளும் 450-ஐ எட்டவில்லை. எட்டாதவற்றைப் பழைய வேகத்திற்கே திருப்ப நேர்ந்தது. மிகைவேக இயக்கத்தால் உற்பத்தியாளரின் உத்தரவாதமும் இல்லாதொழிந்தது.

பிற்காலம்

1999 இல் அபிட் பிபி6 பலகையில் இரண்டு செலரான்களை ஒன்றாகப் பொருத்தி மிகைவேகத்தில் இயக்கும் பழக்கம் பரவியது. பெருக்கெண் 5.5 கொண்ட செலரான் 366, 100 மெகாஹெர்ட்ஸ் பாட்டையில் 550 மெகாஹெர்ட்ஸை எட்டியது. 2001 இல் 800 மெகாஹெர்ட்ஸ் செலரானுடன் இன்டெல் தானே செலரான் பாட்டையை 100 மெகாஹெர்ட்ஸாக உயர்த்தியது. 2011 இன் சாண்டி பிரிட்ஜ் செயலிகளில் ஏறத்தாழ எல்லா உறுப்புகளும் ஒரே அடிப்படைக் கடிகாரத்தைச் சார்ந்தமையால் பாட்டை வழி உயர்த்துவது சில விழுக்காட்டளவே இயன்றது. பெருக்கெண் பூட்டப்படாத செயலிகள் தனி வகையாக, பெரும்பாலும் உயர் விலையில் விற்கப்பட்டன. 2014 இல் வெளியான பென்டியம் ஜி3258 இதற்கு விலக்காக அமைந்த மலிவுச் செயலியாகும்.