பத்தாவது தடவை கேட்டாலும் பதில் சொல்லுங்கள்



"இப்பதானே சொன்னேன், திரும்பத் திரும்பக் கேக்கிறீங்களே!" வயதான உம்மா, வாப்பா இருக்கும் வீடுகளில் இந்தச் சத்தம் அடிக்கடி கேட்கிறது. இப்படிச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்ல, களைத்துப்போனவர்கள். ஆனால் ஞாபகம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் அந்தக் கோபம் பாதியாகக் குறையும். அதற்காக ஒரு மனிதரின் வரலாற்றைச் சொல்கிறேன்.

ஞாபகம் மூளையில் எங்கே இருக்கிறது என்பது பழைய கேள்வி. ஆயிரம் வருடங்களுக்கு முன் இப்னு ஸீனா, மூளையின் உள்ளறைகளுக்கு வெவ்வேறு வேலைகள் உண்டு, ஞாபகத்துக்குரியது பின்னறை என்று எழுதினார். 1950இல் அமெரிக்க அறிஞர் கார்ல் லாஷ்லி, பல வருடங்கள் எலிகளை வைத்து ஆராய்ந்தும் ஞாபகத்துக்கென்று தனி இடம் எதையும் காணமுடியவில்லை என்றார்.

மூன்று வருடங்களின் பின், 1953இல், விடையின் ஒரு பகுதி யாரும் எதிர்பாராத விதத்தில் வந்தது. ஹென்றி மொலைசன் என்ற 27 வயது அமெரிக்கருக்கு, மருந்துக்குக் கட்டுப்படாத கடும் வலிப்பு நோய். ஹார்ட்ஃபர்ட் நகரில் வைத்தியர் வில்லியம் ஸ்கோவில், அவரது மூளையின் இரு பக்கங்களிலும் உட்புறமாக ஒரு பகுதியை அகற்றினார். ஹிப்போகேம்பஸ் என்ற உறுப்பின் பெரும் பகுதியும் அதோடு போனது. அதன் வடிவம் கடற்குதிரை போல இருக்கும். கிரேக்க மொழியில் அந்தப் பெயரின் அர்த்தமும் அதுதான்.

வலிப்பு குறைந்தது. புத்திக்கூர்மை குறையவில்லை. பேச்சும் நல்ல குணமும் அப்படியே இருந்தன. சிறுவயது நினைவுகளும் இருந்தன. ஆனால் புதிதாக எதுவும் பதியவில்லை. சாப்பிட்டது மறந்துபோகும். சற்றுமுன் பேசியவர் அறையை விட்டு வெளியே போய்த் திரும்பி வந்தால், அவர் புதிய ஆள்.

கனடாவிலிருந்து வந்து அவரைப் பரிசோதித்தவர் பிரெண்டா மில்னர் என்ற பெண் ஆய்வாளர். 1957இல் அவரும் ஸ்கோவிலும் வெளியிட்ட கட்டுரை, ஞாபகம் பற்றிய அறிவையே மாற்றியது. மில்னர் இன்னொரு சோதனையும் செய்தார். கையை நேரே பார்க்காமல், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தை வரையவேண்டும். எவருக்கும் முதலில் கோணலாகத்தான் வரும். மூன்று நாட்களில் ஹென்றியின் கை அதை அழகாகக் கற்றுக்கொண்டது. ஆனால் முன்பு அதைச் செய்த ஞாபகமே அவருக்கு இல்லை!

அப்போதுதான் தெரிந்தது, ஞாபகம் ஒரே களஞ்சியம் அல்ல என்று. நடந்ததைப் புதிதாகப் பதிவதற்கு ஹிப்போகேம்பஸ் வேண்டும். பழைய நினைவுகள் பெரும்பாலும் வேறு இடங்களில் நிலைபெற்றுவிடுகின்றன. கை பழகிய பழக்கத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது.

2008இல், 82 வயதில் ஹென்றி இறக்கும்வரை ஆய்வுகளில் அவரை எச்.எம். என்ற இரண்டு எழுத்துகளால் மட்டுமே குறிப்பிட்டார்கள். மரணத்தின் பின்பே பெயர் வெளிவந்தது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். அல்ஸைமர் என்ற மறதி நோய் ஆரம்பத்திலேயே தாக்கும் இடங்களில் ஒன்று இதே ஹிப்போகேம்பஸ். அதனால்தான் பகல் சாப்பிட்டதை மறந்த மூத்தம்மா, தன் கலியாண நாளை விபரமாகச் சொல்கிறார். எத்தனை ரக்அத் தொழுதோம் என்று தடுமாறுபவரின் கைகள், வுழூவைத் தாமாகவே ஒழுங்காகச் செய்கின்றன. அவர் நடிக்கவில்லை, பிடிவாதமும் இல்லை. நீங்கள் சொன்ன பதில் அவருக்குள் பதியவே இல்லை. அவருக்கு அது ஒவ்வொரு முறையும் முதல் கேள்விதான்.

ஒன்றைக் கவனியுங்கள். எல்லா மறதியும் இந்த நோய் அல்ல. தைராய்டு குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு போன்றவற்றாலும் மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. "வயசு போனா அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். பராமரிப்பவர் ஒருவராகவே கஷ்டப்படவும் விடாதீர்கள். நானா, தம்பி, ராத்தா, தங்கச்சி எல்லோரும் முறைவைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாம் சின்னப் பிள்ளையாக ஒரே கேள்வியை நூறு தடவை கேட்டபோது சலிக்காமல் பதில் சொன்னவர்கள் அவர்கள். அல்லாஹ் நமக்கும் அந்தப் பொறுமையைத் தருவானாக. ஆமீன்.