தம்பானையில் வில்லும் வனமும்

பதுளையின் தேயிலைச் சரிவுகள் வடக்கே தாழ்ந்து உலர்வலயச் சமவெளியாகுமிடத்தில் மகியங்கனை உள்ளது. அதற்குக் கிழக்கே அமைந்த தம்பானை, வேடர் வாழும் ஊராகும். அங்குள்ள நூதனசாலையில் வில்லும் அம்பும், தோளில் மாட்டும் கைக்கோடரியும் வைக்கப்பட்டுள்ளன. வருவோர்க்கு வில்லெய்தலும் தீக்கடைதலும் செய்து காட்டப்படுகின்றன.

காண்போர் பலர் இவற்றை உலகத் தொடர்பற்ற கற்கால மாந்தரின் எச்சங்களெனக் கொள்வர். அது பிழையான கருத்தாகும். 1681 இல் வெளியான தமது நூலில் றொபேட் நொக்ஸ் சுவையான செய்தியொன்றைத் தருகின்றார். அம்புமுனை வேண்டிய வேடர், இரவில் கொல்லனின் பட்டறைக்கு இறைச்சியைக் கொணர்ந்து தொங்கவிடுவர். வேண்டிய வடிவில் நறுக்கிய இலையொன்றையும் அருகில் தொங்கவிடுவர். கொல்லன் அவ்வாறே செய்து கொடுப்பின் மேலும் இறைச்சி கிடைக்கும். மறுப்பின் தீங்கு நேரும். சொல்லின்றி நிகழ்ந்த இவ்வாணிகம் வேடர்க்கும் அயலூரார்க்குமிடையே நிலவிய நெடுநாள் உறவைக் காட்டுகின்றது. இறைச்சியைத் தேனிலிட்டு, மரப்பொந்தில் வைத்து, களிமண்ணால் அடைத்துப் பேணிய முறையையும் நொக்ஸ் குறித்துள்ளார்.

வேடர் பற்றிய செலிக்மன் தம்பதியரின் ஆய்வுநூல் 1911 இல் வெளிவந்தது. அவ்வாண்டின் குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 5,300 ஆக இருந்த வேடர் தொகை, 1953 இல் ஏறத்தாழ 800 ஆகக் குறைந்தது. இத்தனை பேரும் மாண்டனரல்லர். பலர் சிங்களவராகவும், கீழ்க்கரையில் தமிழராகவும் பதியப்பட்டனர். 1963 இன் பின் நெடுங்காலம் அவர்க்கெனத் தனிப்பிரிவே இல்லாதொழிந்தது. இதே மாவட்டத்தின் மலைத்தோட்டங்களில் நிகழ்ந்ததோ இதற்கு மாறானது. அங்கிருந்த தமிழர் ஒவ்வொரு மதிப்பீட்டிலும் தனியே எண்ணப்பட்டனர்; ஆயினும் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். ஏடுகள் ஒரு மக்களைத் தனியே எண்ணியும் ஒதுக்கலாம், எண்ணாதும் ஒதுக்கலாம் போலும்.

1983 இல் வேடரின் வேட்டைக்காடு மாதுறு ஓயா தேசிய வனமாக்கப்பட்டது. அதனால் வேட்டையும் தேனெடுப்பும் குற்றங்களாயின. குடும்பங்கள் பல மகாவலித் திட்டத்தின் கீழ் ஹெனானிகலையிற் குடியேற்றப்பட்டு, நெற்செய்கையாளராயின. தலைவர் திசாஹாமி சில குடும்பங்களோடு தம்பானையை விட்டகல மறுத்தார். அவர் 1998 இல் காலமாகும் வரை அவ்வூரிலேயே வாழ்ந்தார்.

எனவே, அந்நூதனசாலையிலுள்ள கோடரியும் வில்லும் கற்காலத்தில் கைவிடப்பட்டவையல்ல. வேட்டைக்காடு சட்டத்தால் மூடப்பட்ட ஆண்டு 1983.