மடிந்தும் எழுந்த ஒரு சிற்றூர்க் கழகம்

அரசர்களின் எழுச்சியையும் பேரரசுகளின் வீழ்ச்சியையும் கூறுவதே வரலாறு எனக் கருதுவோர் பலர். ஆயினும், ஒரு சிற்றூர் மக்கள் தம்முட் கூடி நிறுவிய விளையாட்டுக் கழகத்துக்கும் பிறப்பும் வளர்ச்சியும் இறப்பும் உண்டு. சிலவேளை மறுபிறப்பும் உண்டு. இங்கிலாந்தின் வடமேற்கே, லங்காஷயர் பகுதியில் உள்ள அக்கிறிங்ரன் என்னும் ஊரின் உதைபந்தாட்டக் கழகம் இதற்குத் தக்க சான்றாகும்.

அக்கிறிங்ரன் பருத்தி ஆலைகளாலும் செங்கல் சூளைகளாலும் வளர்ந்த ஊர். அதன் மேற்கே சில மைல் தூரத்தில் பிளாக்பேர்ண் நகரும், கிழக்கே சில மைல் தூரத்தில் பேர்ண்லி நகரும் உள்ளன. இவையும் நெசவுத் தொழிலால் வாழ்ந்த ஊர்களே. 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளிற் பெண்களினதும் இளைஞரினதும் சனிக்கிழமை வேலையைப் பிற்பகல் இரண்டு மணியுடன் முடித்தது. அவர்களின்றி ஆலை ஓடாதாகையால், ஏனையோருக்கும் அந்த ஓய்வு மெல்ல மெல்லக் கிடைத்தது. உழைக்கும் மக்கள் சனிக்கிழமை பிற்பகலில் மைதானத்தை நாடிய வழக்கம் இவ்வாறே வேரூன்றியது.

1888ஆம் ஆண்டில் உலகின் முதலாவது உதைபந்தாட்ட லீக் தோன்றியபோது அதிற் சேர்ந்த கழகங்கள் பன்னிரண்டு. தலைநகராகிய இலண்டனிலிருந்து அவற்றுள் ஒன்றேனும் இருக்கவில்லை. ஆறு கழகங்கள் லங்காஷயரைச் சேர்ந்தவை. பிளாக்பேர்ண், பேர்ண்லி ஆகியவற்றுடன் அக்கிறிங்ரனும் அந்த ஆறனுள் ஒன்றாயிருந்தது. ஆனால் பெருமை நீடிக்கவில்லை. 1893இல் ஒரு தகுதிகாண் ஆட்டத்தில் ஷெபீல்ட் யுனைற்றெட் கழகத்திடம் தோற்றதும், இரண்டாம் பிரிவுக்கு இறங்கி ஆட விரும்பாது அக்கிறிங்ரன் கழகம் லீக்கை விட்டே விலகியது. 1896இல் அது மறைந்தது.

முதியது தளர்ந்த காலத்திலேயே இளையதொன்று முளைத்திருந்தது. ஸ்ரான்லி வீதியைச் சேர்ந்தோர் 1891இல் ‘ஸ்ரான்லி வில்லா’ என்ற பெயரில் ஒரு குழுவை அமைத்தனர். பின்னர் ஊரின் பெயரையும் முன்னே சேர்த்து அது ‘அக்கிறிங்ரன் ஸ்ரான்லி’ ஆயிற்று. ஒரு வீதியின் பெயரை ஊரின் பெயரோடு இணைத்துத் தாங்கிய இக்கழகம், 1921இல் மூன்றாம் பிரிவின் வடபகுதி அமைக்கப்பட்டபோது அதில் இடம்பெற்றது.

அயலூர்களுக்கிடையே போட்டி கடுமையானது. பிளாக்பேர்ணும் பேர்ண்லியும் பெரிய கழகங்கள்; அக்கிறிங்ரனிற் பிறந்தும் சனிக்கிழமை தோறும் அவ்விரண்டில் ஒன்றன் ஆட்டத்தைக் காணச் சென்றோர் பலர். சிறிய கழகத்துக்கு எதிரணியிலும் கொடியது இந்த ஈர்ப்பே. ஆயினும் இப்போட்டியைப் பகையென்று கொள்ளுதல் பொருந்தாது. 1914இல் அக்கிறிங்ரன் நகர முதல்வர் திரட்டிய படைப்பிரிவு பத்து நாள்களில் நிரம்பியது. அதில் அவ்வூர் இளைஞரோடு பேர்ண்லி, சோர்லி ஆகிய ஊர்களின் இளைஞரும் சேர்ந்தனர். 1916 யூலை முதலாம் திகதி, பிரான்சில் சோம் போர்முனையில், சேர் என்னும் கிராமத்தை நோக்கி முன்னேறிய ஏறக்குறைய 720 பேருள் 584 பேர் இறந்தோ காயமுற்றோ காணாமற்போயோ வீழ்ந்தனர். மைதானத்திலே எதிரெதிர் நின்றோர் போர்க்களத்தில் ஒருங்கே மடிந்தனர்.

ஸ்ரான்லி கழகத்தின் நற்காலம் 1950களில் வந்தது. வால்ற்றர் கல்பிறெய்த் என்னும் முகாமையாளர் ஸ்கொத்லாந்திலிருந்து ஆட்டக்காரரை வரவழைத்தார். 1955இல் ஒருமுறை களமிறங்கிய பதினொருவருமே ஸ்கொத்லாந்தில் பிறந்தவர்களாயிருந்தனர். 1955இலும் 1958இலும் கழகம் வடபகுதியில் இரண்டாமிடத்தைப் பெற்றது. ஆனால் முதலிடம் பெற்றதற்கே மேற்பிரிவு கிடைத்த காலம் அது. இரண்டு முறையும் வாயில்வரை சென்று திரும்ப நேர்ந்தது.

ஏற்றத்தின் நடுவிலேயே இறக்கத்தின் வித்து ஊன்றப்பட்டது. 1958இல் அல்டர்ஷொட்டில் இராணுவக் காட்சிகளுக்குப் பயன்பட்ட பெரியதோர் இருக்கை மண்டபத்தைக் கழகம் வாங்கியது. அதை இங்கிலாந்தின் தெற்கிலிருந்து வடக்கே கொணர்ந்து நிறுவிய செலவு, கொள்விலையை விஞ்சி நின்றது. அதே ஆண்டில் வடபகுதி, தென்பகுதி என்ற பிரிவினை நீக்கப்பட்டு, மூன்றாம் நான்காம் பிரிவுகள் நாடு முழுவதற்கும் பொதுவாயின. முன்பு அண்டையூர்களோடு ஆடிய கழகம் இப்போது நாட்டின் மறுகோடிவரை பயணஞ் செய்ய வேண்டியதாயிற்று. 1961இல் ஆட்டக்காரரின் வாரச் சம்பளத்துக்கு விதிக்கப்பட்டிருந்த 20 பவுண் உச்சவரம்பும் நீங்கியது. ஆட்டக்காரருக்கு அது நியாயமே. வறிய கழகங்களுக்கோ பெருஞ்சுமை.

1960ஆம் ஆண்டு இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. அவ்வாண்டில், ஏறத்தாழ 80,000 மக்களே வாழ்ந்த பேர்ண்லி முதற் பிரிவின் வாகையைச் சூடியது. பிளாக்பேர்ண் இங்கிலாந்துக் கிண்ணத்தின் இறுதியாட்டத்துக்குச் சென்றது. இரண்டுக்கும் இடையிலிருந்த ஸ்ரான்லி நான்காம் பிரிவுக்கு இறங்கியது.

1962 தொடக்கத்தில் கடன் ஏறக்குறைய 60,000 பவுணாயிற்று. ஆலோசனை கூறுமாறு பேர்ண்லிக் கழகத்தின் தலைவர் பொப் லோர்ட் அழைக்கப்பட்டார். கழகத்தை நடத்த வழியில்லை என்பதே அவர் முடிவு. மார்ச் 2ஆம் திகதி குறூ நகரில் ஸ்ரான்லி 4–0 எனத் தோற்றது. அதனை அடுத்து இராஜினாமாக் கடிதம் லீக்குக்கு அனுப்பப்பட்டது. சில நாள்களுள் உதவ முன்வந்தோரின் உறுதியை நம்பி, அதனை மீளப்பெற வேண்டி இன்னொரு கடிதம் சென்றது. லீக்கின் காரியதரிசி அலன் ஹாடேக்கர் அதனை ஏற்கவில்லை. முதற் கடிதமே செல்லும் என்றார். ஸ்ரான்லி அப்பருவத்தில் ஆடிய 33 ஆட்டங்களும் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. அயலூர்த் தலைவரின் அறிவுரையை ஐயுற்றோர் ஊரிற் பலர் இருந்தனர். ஆயினும் கடன் அவர் உண்டாக்கியதன்று. கையளவு அறியாது கால்நீட்டியதன் பயனே அது. விதியின்படி லீக் செய்தது சரி எனலாம். ஊராரின் கண்ணீரும் பொய்யன்று.

சிறிய போட்டிகளில் ஆடி ஒருவாறு உயிர் தரித்த கழகம் 1966இல் முற்றாக மறைந்தது. 1968இல் அவ்வூர்த் தொழிலாளர் மன்றமொன்றிற் கூடிய சிலர் அதனைப் புதிதாக நிறுவ முடிவு செய்தனர். 1970இல் கிறவுண் மைதானத்தில் ஆட்டம் தொடங்கிற்று. சட்டப்படி இது வேறு கழகம்; பெயரும் செந்நிற உடையும் ஊராரின் நினைவுமே பழையவை. 1980களில் ஒரு பால் விளம்பரத்திற் சிறுவன் ஒருவன் ‘அவர்கள் யார்?’ என வினவும் அளவுக்கு அப்பெயர் நாட்டுக்கு நகைப்பாயிருந்தது. ஊரார் நகைப்பையும் பொறுத்துப் படிப்படியாக ஏறினர். 1999 முதல் ஜோன் கோல்மன் பயிற்றுவித்த அணி, 2006இல் லீக்கினுள் மீண்டும் புகுந்தது. 1962இல் ஸ்ரான்லி விட்ட வெற்றிடத்துக்குத் தெரிவாகியிருந்த ஒக்ஸ்போர்ட் யுனைற்றெட், அதே 2006இல் லீக்கிலிருந்து இறங்கியது. கணக்குப் பார்ப்பதில் காலத்துக்கு மறதியில்லைப் போலும்!

2016இல் லீக் கிண்ணப் போட்டியில், அப்போது உயர் பிரிவிலிருந்த பேர்ண்லி கிறவுண் மைதானத்துக்கு வந்தது. மேலதிக நேரத்தின் இறுதிக் கணத்திற் போடப்பட்ட ஒரே கோலால் ஸ்ரான்லி வென்றது. 2018இல் தன் பிரிவில் முதலிடம் பெற்று லீக்கின் மூன்றாம் படிக்கு உயர்ந்தது. 2023இல் மீண்டும் ஒரு படி இறங்கியது. 1893இல் மூத்த கழகம் இறங்கி ஆட நாணி அழிந்ததை நினைவுகூர்ந்தால், இந்த இறக்கத்தின் பொருள் விளங்கும். புதிய கழகம் இறங்கியது, விலகவில்லை.

பெரிய அயலாருக்கு நடுவே வாழும் சிறியோர் அவரைப் போலத் தோன்ற முயன்று கெடுவதும் உண்டு. தம் அளவறிந்து நிலைத்து, தருணம் வாய்க்கும்போது அவரை வெல்வதும் உண்டு. இவ்விரண்டையும் ஒரே ஊரின் வரலாறு காட்டிவிட்டது. கடிதமொன்றால் கழகத்தை முடித்துவிடலாம். அதை வேண்டும் மக்கள் உள்ளவரை, அந்த முடிவே இறுதியென்று கூறுதல் அரிது.