அணுகல் ஒருங்கிணைப்பாளர்

திரைப்பட, தொலைக்காட்சிப் படப்பிடிப்புகளில் மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வேலைசெய்ய வேண்டிய ஏற்பாடுகளைக் கவனிப்பவர். பிரிட்டனில் அண்மைக்காலத்தில் நிலைபெற்றுவரும் பணி இது.

நாடகாசிரியர் ஜாக் தோர்ன் 2021 ஆகஸ்டில் எடின்பரோ தொலைக்காட்சி விழாவின் மெக்டகார்ட் உரையில், தம் துறை மாற்றுத்திறனாளிகளைக் கைவிட்டுவிட்டது என்று சாடினார். ஜெனிவீவ் பார், கேட்டி பிளேயர் ஆகியோருடன் அவர் தொடங்கிய 'அண்டர்லையிங் ஹெல்த் கண்டிஷன்' இயக்கம் இப்பணியிடத்தை வலியுறுத்தியது. பார் காதுகேளாத நடிகை, எழுத்தாளர்.

வேலை பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது. கழிப்பறை வண்டியின் மூன்றே படிகள், சக்கர நாற்காலியில் வரும் ஒலிப்பதிவாளருக்குப் பெரிய சுவர். அங்கே சாய்தளம் வேண்டும். காதுகேளாத உதவி இயக்குநருக்குச் சைகைமொழிபெயர்ப்பாளர், பார்வைக்குறை உள்ளவருக்குப் பெரிய எழுத்தில் திரைக்கதைப் பிரதி, நாள்பட்ட வலியுள்ளவருக்கு இடையில் ஓய்வு. இவற்றை முன்கூட்டியே அவரவரிடம் கேட்டறிந்து பட்ஜெட்டில் சேர்ப்பதே முக்கியம். கேமரா ஓடத் தொடங்கியபின் கேட்டால், 'அடுத்த படத்தில் பார்க்கலாம்' என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

2022இல் பிபிசி, ஐடிவி, சேனல் 4 உள்ளிட்ட நிறுவனங்கள் இணைந்து தொடங்கிய 'டிவி ஆக்சஸ் புராஜெக்ட்', மாற்றுத்திறனாளிகளைத் துறையில் முழுமையாக உள்ளடக்க 2030ஐ இலக்காண்டாக வைத்துள்ளது.